மலைக்கு வரும் எழுத்தாளரிடம் என்ன கேட்பது?

கேள்வி: கோத்தகிரியில் சிறிய வாசகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். தேயிலைத் தோட்டத்தையும் படுகர்களின் ஊரான ஹட்டி ஒன்றையும் களமாக வைத்து நாவல் எழுதிய ஓர் எழுத்தாளர் அடுத்த மாதம் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரோடு மேடையில் உரையாடும் பொறுப்பு எனக்கு. இதற்கு முன் செய்ததில்லை. எப்படித் தயாராவது, என்ன கேட்பது? நாவலின் ஓர் அத்தியாயம் பற்றி ஊரில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. அதை எப்படிக் கையாள்வது? பேசியதைப் பிறகு சிறு நூலாக்கலாமா?

பதில்:

குன்னூரிலும் ஊட்டியிலும் இப்படிப்பட்ட உரையாடல்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளரிடம் கருத்து கேட்காதீர்கள், அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். இலக்கியம் சமூகத்தை மாற்றுமா, இன்றைய தலைமுறை படிக்கிறதா, எழுத்தாளனின் கடமை என்ன என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருக்கும். வேறு மேடைகளில் பலமுறை சொல்லியிருப்பார், உங்கள் மேடையிலும் அதே வரிசையில் சொல்லிவிட்டுப் போவார். ஆனால், உதாரணத்துக்கு, நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் பாட்டி ஏன் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள், அந்த அத்தியாயம் முதலில் இருந்தே அங்கேதான் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்க வேண்டியிருக்கும். மேடையில் ஒருவர் உண்மையாகவே யோசிப்பதைப் பார்க்கத்தான் மக்கள் வருகிறார்கள்.

இதற்கு நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை கையில் பென்சில் வேண்டாம். கதை எங்கே இழுத்தது, எங்கே தொய்ந்தது என்று தெரிந்தால் போதும். இரண்டாம் முறை பக்க எண்ணோடு குறிப்பெடுங்கள். எங்கே கதை பத்து வருடம் தாவுகிறது? எந்தப் பாத்திரம் பாதியில் காணாமல் போகிறது? எந்த இடத்தில் நடை மாறுகிறது? பேச்சுவழக்கு ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு ஏன் இல்லை? இவைதான் எழுத்தாளர் ஒரு முடிவு எடுத்த இடங்கள், அல்லது எடுக்க முடியாமல் திணறிய இடங்கள். கேள்விகள் அங்கிருந்துதான் வரும். என்னுரையையும் நன்றிப் பக்கத்தையும் பதிப்பு விவரத்தையும் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அவற்றை நிதானமாகப் படியுங்கள். நன்றிப் பக்கத்தில் ஒரு தோட்டக் கணக்குப்பிள்ளையின் பெயர் இருந்தால் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டாம் பதிப்பில் ஏதாவது மாற்றியிருந்தால் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது இன்னொரு கேள்வி.

மலையைப் பற்றிய நாவல் என்பதால் ஊர்க்காரர் என்ற முறையில் உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. காலக்கணக்கைச் சரிபாருங்கள். நீலக்குறிஞ்சி 1982, 1994, 2006, 2018 என்று 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்தது. கதையில் குறிஞ்சி பூத்தால் அந்த வருடம் கணக்கோடு ஒத்துப்போகிறதா? உறைபனி அதிகம் விழுவது டிசம்பர், ஜனவரியில். கதையில் எந்த மாதம் விழுகிறது? படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை எப்போது வருகிறது? ஒத்துப்போகவில்லை என்றால் குற்றம் கண்டுபிடித்த தோரணையில் கேட்க வேண்டாம். “இந்த வருடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். சில சமயம் வேண்டுமென்றே மாற்றியிருப்பார். அந்தக் காரணம் நாவலின் மையத்துக்கே உங்களை அழைத்துப் போகும்.

அப்புறம், அவர் ஏற்கனவே கொடுத்த பேட்டிகள் எல்லாவற்றையும் தேடிப் படியுங்கள். அதே கேள்விகளைத் திரும்பக் கேட்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல, பழைய பதில்கள் நல்ல படிக்கட்டுகளும்கூட. “முதல் நாவலை அவசரமாக முடித்துவிட்டதாக ஒரு பேட்டியில் சொன்னீர்கள். இந்த நாவலில் அந்த அவசரம் எங்கேயாவது வந்ததா?” என்று கேட்டால், தன்னை ஒருவர் கவனமாகப் படித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அவர் பேசும் விதமே மாறும்.

நேர்காணல் என்ற வடிவம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து 1991 முதல் 1995 வரை நடத்திய சுபமங்களா. தமிழ் எழுத்தாளர்களிடம் பக்கம் பக்கமாக, ஆற அமரப் பேசிய பத்திரிகை அது. அந்தப் பேட்டிகள் பிறகு நூலாகவும் தொகுக்கப்பட்டன. இன்னொன்று, 1953-ல் தொடங்கிய பாரிஸ் ரிவ்யூ என்ற ஆங்கில இதழ். அதன் முதல் இதழில் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரிடம் அவர் முடிக்காமல் விட்டுவிட்ட ஒரு நாவலைப் பற்றிக் கேட்டார்கள். எல்லோரும் புகழும் நாவல்களை விட்டுவிட்டு, நின்றுபோன நாவல் ஏன் நின்றது என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு நாவல் எப்படி உருவாகிறது என்பதை அதைவிட நேராகக் கேட்க முடியாது.

அதே பாரிஸ் ரிவ்யூவில் 1958-ல் வந்த அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயின் பேட்டியை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவேன். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதினேன் என்கிறார் ஹெமிங்வே. பேட்டி எடுத்தவர் அதைக் கேட்டு வியந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அங்கே உங்களுக்கு என்ன சிக்கல் இருந்தது என்று கேட்டார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்று பதில் வந்தது. உரையாடலை நடத்துபவருக்கு இதில் முழுப் பாடமும் இருக்கிறது. நீங்கள் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் கதவைத் திறக்க மட்டுமே. பதிலின் உள்ளே கிடக்கும் ஒரு சொல்லைப் பிடித்து உடனே கேட்கும் இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே அவர் பேசும்போது அடுத்த கேள்வியைத் தாளில் தேடாதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். இருபது கேள்வி எழுதிக்கொண்டு போய் ஆறு கேட்டுவிட்டு வந்தால் அது நல்ல உரையாடல்.

கேள்வி சுருக்கமாக இருக்கட்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான். இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். “இது மார்க்வெஸ் பாணி, இல்லையா?” என்று உங்கள் தீர்ப்பை முன்னால் வைக்காதீர்கள். பாராட்டு முழுவதையும் அறிமுகத்தில் நான்கு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். அப்புறம் மௌனம். அவர் பதில் சொல்லி நிறுத்தியதும் உடனே பாய வேண்டாம். மூச்சு ஒன்று விட்டுக் காத்திருங்கள். மேடையில் அது பெரிய இடைவெளியாகத் தோன்றும், ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படித் தெரியாது. எழுத்தாளர்களில் பாதிப் பேர் அந்த இடைவெளியில்தான் “இன்னொன்றும் சொல்ல வேண்டும்” என்று தொடங்குவார்கள்.

எழுத்து வாழ்க்கை பற்றிக் கேட்க எனக்குப் பிடித்த வாசல் பிழைப்பு. தமிழில் எழுதி மட்டும் சாப்பிட்டவர்கள் குறைவு. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். தி. ஜானகிராமன் ஆசிரியராக இருந்து பிறகு வானொலிக்குப் போனார். வண்ணதாசன் வங்கியில் இருந்தார். வேலை எழுத்துக்கு நேரத்தைக் கெடுத்தது என்பது ஒரு பக்கம்தான். வேலை அவர்களுக்கு மனிதர்களைக் கொடுத்தது. கடையில், ஸ்டுடியோ அலுவலகத்தில், வங்கி கவுண்டரில் யாரெல்லாம் வந்து போனார்கள் என்பது அவர்களுடைய பக்கங்களில் இருக்கிறது. உங்கள் விருந்தாளி என்ன வேலை பார்த்தார், எந்த நேரத்தில் எழுதினார், வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதினார், முதலில் யாரிடம் படிக்கக் கொடுத்தார், புத்தகம் வந்தபின் கையில் எவ்வளவு பணம் வந்தது என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ எழுத ஆசை இருந்தால், அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதுதான்.

பெண் எழுத்தாளர் என்றால் “குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று தவறாமல் கேட்கிறார்கள். ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. இருவரிடமும் கேளுங்கள். இருவரிடமும் ஒரே மாதிரி, ‘எந்த நேரம், எந்த அறை, யார் சமைத்தது’ என்ற அளவுக்குக் குறிப்பாகக் கேளுங்கள். அம்பை 1988-ல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகம் பெண்களின் வாழ்க்கையைக் குரலாகவும் படமாகவும் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஒரு சிறுகதையாசிரியர் தன் எழுத்தோடு சேர்த்து இந்த வேலையையும் இத்தனை காலம் செய்தது, வாழ்க்கையைக் கேட்டுப் பதிவுசெய்வது எவ்வளவு முக்கியம் என்று அவர் நினைத்ததால்தான்.

இனி உங்கள் கேள்வியின் கனமான பகுதிக்கு வருகிறேன். சென்னையிலோ கோவையிலோ இந்த நாவலைப் பற்றிப் பேசினால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் வாசகர்கள் மட்டும்தான். கோத்தகிரியில் அப்படி இல்லை. நாவலில் வரும் ஹட்டியைச் சேர்ந்தவர்கள் அங்கே இருப்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்கள் இருப்பார்கள். எழுதப்பட்டவர்கள் எழுதியவரை நேருக்கு நேர் பார்க்கும் கூட்டம் அது. நீலகிரியைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் எழுதிய பெரிய நூல் 1906-ல் வந்தது. மலைமக்கள் பதிலுக்குப் பேசிய மேடைகள் மிகக் குறைவு. உங்கள் கூட்டம் அப்படி ஒன்றாக இருக்க முடியும். அதைத்தான் நீங்கள் குறிவைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ 1963-ல் வந்தது. படுகர் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நாவல். சாமையும் ராகியும் விளைந்த நிலத்துக்குத் தேயிலை வந்தது, பணம் வந்தது, குந்தா மின்திட்டத்தோடு அணையும் சாலையும் வந்தன, உறவுகள் மாறின என்பதை ஜோகி, ரங்கன், பாரு என்ற மனிதர்கள் வழியாகச் சொல்கிறது. அவர் மலைக்காரர் இல்லை, முசிறியில் பிறந்தவர். கணவர் மின்துறைப் பொறியாளர் என்பதால் இங்கே வாழ நேர்ந்தது. அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு பக்கத்து ஹட்டிகளில் பழகி, கேட்டு, பார்த்து எழுதினார். பிறகு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியும் கடற்கரை மீனவர்களைப் பற்றியும் எழுதியபோதும் அங்கேயே போய் மக்களோடு பேசித்தான் எழுதினார். 2014-ல் மறைந்துவிட்டார். இன்று அவரை இங்கே உட்காரவைக்க முடிந்தால் நான் கேட்க விரும்பும் கேள்விகள் இவை: எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டீர்கள்? படுகு மொழியிலா, தமிழிலா? உங்களிடம் சொல்ல மறுத்தது எதை? சொல்லியும் நீங்கள் எழுதாமல் விட்டது எதை? நாவலைப் பிறகு அவர்களில் யாராவது படித்தார்களா, படித்துவிட்டு என்ன சொன்னார்கள்?

அவரிடம் கேட்க முடியாது. உங்கள் விருந்தாளியிடம் கேட்கலாம். இந்த ஐந்து கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் காட்சி நன்றாக வந்திருக்கிறது என்றால் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இலை எடை போடும்போது நடக்கும் பேச்சு உண்மையாக ஒலிக்கிறது என்றால் எங்கே நின்று கேட்டார் என்று கேளுங்கள். கேட்டுச் சொல்லும்போது அந்த மனிதர்களுடைய உழைப்பும் நாவலின் பகுதியாக மேடையில் தெரியும்.

இதற்கு இன்னொரு பழைய உதாரணமும் இந்த மலையிலேயே இருக்கிறது. மரே எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் இங்கே வந்து தங்கி கோத்தர், தோடர், படுகர் மொழிகளைப் படித்தார். அவர் வெளியிட்ட கோத்தர் கதைகள் நாம் இன்று படிக்கக்கூடிய பெரிய தொகுதி. அந்தக் கதைகளை அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர் பள்ளி ஆசிரியர். அவர் சொல்லச் சொல்ல எமனோ ஒலிக்குறிகளில் கையால் எழுதிக்கொண்டார். அதே காலத்தில் வந்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் பேசியவர் சுள்ளிதான். தன் சமூகத்தில் பல பழக்கங்களை மாற்றப் போராடிய சீர்திருத்தக்காரர் என்று சுள்ளியைப் பற்றி மாண்டல்பாம் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். புத்தகத்தின் மேல் எமனோ பெயர் இருக்கிறது. உள்ளே ஓடும் குரல் சுள்ளியுடையது. எழுதியவரிடம் பேசும்போது சொன்னவரையும் விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வருத்தம் இருக்கும் அந்த அத்தியாயம். அதை ஒளிக்காதீர்கள். எழுத்தாளருக்கு இப்போதே எழுதி, இந்தப் பக்கங்கள் பற்றி இங்கே இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, மேடையில் கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மேடையில் திடீரென்று மாட்டிவிடுவது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வருத்தப்படுகிறவர்களையும் முன்னதாகப் போய்ப் பாருங்கள். அவர்கள் நாவலைப் படித்தார்களா, யாரோ சொல்லிக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். படிக்கவில்லை என்றால் அந்த அத்தியாயத்தையாவது படித்துக் காட்டுங்கள். பெரியவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம், தவறே இல்லை. வருத்தத்தில் இரண்டு வகை உண்டு. “சடங்கை இப்படிச் செய்ய மாட்டோம், தப்பாக எழுதிவிட்டார்” என்பது ஒன்று. “நடப்பதுதான், ஆனால் வெளியே சொல்லியிருக்கக் கூடாது” என்பது இன்னொன்று. முதலாவதற்கு எழுத்தாளர் தான் எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்று சொல்லலாம், அடுத்த பதிப்பில் திருத்தலாம். இரண்டாவது அப்படித் தீராது. அது சமூகத்துக்கும் கதைக்கும் இடையில் எப்போதும் இருக்கும் இழுபறி. அதைத் தீர்க்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் முழுதாகக் கேட்டார்கள் என்றால் உங்கள் வேலை முடிந்தது.

ஒரு எல்லை மட்டும் தெளிவாக இருக்கட்டும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்த நாவல். 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் அவர் மீண்டும் எழுத வந்தார். தமிழ்ச் சூழலுக்கு அது பெரிய காயம். உங்கள் மேடையில் எவ்வளவு கடுமையான கேள்வியும் வரலாம். மன்னிப்புக் கேள், புத்தகத்தை விற்காதே என்ற பேச்சுக்கு இடமில்லை. இதைத் தொடக்கத்திலேயே அமைதியாக, ஒரே வாக்கியத்தில் அறிவித்துவிடுங்கள்.

பார்வையாளர் கேள்விகளுக்குக் குறைந்தது நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரமாக இரண்டு பேரைக் கேட்கவிடுவது இந்த ஊருக்குப் பொருந்தாது. படுகு மொழியில் கேட்க விரும்புகிறவர் அதிலேயே கேட்கட்டும். இரண்டும் நன்றாகத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மேடைத் தமிழில் பேச வேண்டும் என்ற கூச்சத்தாலேயே நல்ல கேள்விகள் வாய்க்குள் நின்றுவிடுகின்றன. பறிப்பு வேலைக்குப் போகும் பெண்கள் எழுந்து நின்று பேசத் தயங்கினால் துண்டுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் சீட்டு வேண்டாம், நேரில் கேட்கும்போது வரும் சூடு சீட்டில் வராது.

இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் நிறைய. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களைத் தேடிப்போய் அழையுங்கள். இலங்கை மலையகத்துக்கு அழுத்தமான தனி இலக்கிய மரபு இருக்கிறது. அங்கிருந்து எழுதிய தெளிவத்தை ஜோசப்புக்கு 2013-ல் விஷ்ணுபுரம் விருது கொடுத்தபோது தமிழ்நாட்டில் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். லயம், பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), கங்காணி (மேற்பார்வையாளர்) என்ற சொற்களை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவர் தேயிலை நாவல் எழுதியவரிடம் கேட்கும் கேள்வி உங்களுக்கோ எனக்கோ தோன்றாது.

கூட்டத்துக்கு முன் நாவலை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் துறவியும் எழுத்தாளருமான நித்ய சைதன்ய யதியின் நினைவாகப் பல ஆண்டுகள் நடந்த இலக்கியச் சந்திப்பான காவிய முகாமில், பேசப்போகும் படைப்புகளைப் படித்துவிட்டு வருவது கட்டாயம். பேச்சு தலைப்பைவிட்டு விலகவும் அனுமதி இல்லை. அந்தக் கண்டிப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பதிப்பாளரிடம் இப்போதே இருபது, முப்பது பிரதி வரவழைத்து விற்றுவிடுங்கள். வாங்க முடியாதவர்களுக்குக் கிளை நூலகத்தில் இரண்டு பிரதி வையுங்கள். கூட்டம் நடக்கும் நாளில் வாசலில் விற்பது எழுத்தாளருக்கு மகிழ்ச்சி தரும், உரையாடலுக்கு உதவாது. நாவலிலிருந்து இரண்டு பக்கம் அவரே வாசிக்கட்டும். எந்தப் பக்கம் என்று முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவதென்றால், 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் தேவை. நீங்களே எடுத்து அனுப்பிவிடுங்கள். முந்தின நாளே வந்து தங்கச் சொல்லுங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த உடனே யாராலும் நன்றாகப் பேச முடியாது. அக்டோபர், நவம்பர் என்றால் மண்சரிவுக்கும் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். காலை பத்தரைக்குத் தொடங்குங்கள். சாயங்காலம் வைத்தால் கடைசிப் பேருந்துக்கும் இருட்டில் சாலையில் நிற்கும் காட்டெருமைக்கும் பயந்து பாதிக் கூட்டம் நடுவில் எழுந்துவிடும். தகரக் கூரை மண்டபம் வேண்டாம், மழை பிடித்தால் ஒலிப்பதிவில் ஒன்றும் கேட்காது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை என்பதால் மேடையில் செம்பும் டம்ளரும் வையுங்கள். போக்குவரத்துச் செலவோடு மதிப்பூதியமும் கொடுங்கள். தொகை சின்னதாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பொன்னாடைக்குச் செலவழிக்கும் பணத்தை அதில் சேர்த்துவிடலாம்.

நூலாக்குவது நல்ல யோசனை. அதற்கு அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், மேடை ஏறும் முன்பே. இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணிநேரமாவது பிடிக்கும். ஆகவே ஒருவர் தலையில் கட்டாமல் இரண்டு மூன்று பேர் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ‘ம்’, ‘வந்து’ உட்பட அனைத்தையும் அப்படியே எழுதுங்கள். அப்புறம் வெட்டுங்கள். பேச்சுமொழியை முழுக்க எழுத்துமொழியாக மாற்றினால் ஆள் மறைந்துபோவார். அப்படியே விட்டால் படிக்க முடியாது. வாக்கிய அமைப்பைச் சீராக்கி, அவருக்கே உரிய சொற்களையும் வட்டார வழக்கையும் தொடாமல் விடுவது என் வழக்கம். சுந்தர ராமசாமி தன் நண்பர்களான எழுத்தாளர்களைப் பற்றிப் பேசிப் பதிவான ‘நினைவோடை’ நூல்களை எடுத்துப் பாருங்கள். எதிரே உட்கார்ந்து கேட்பது போலவும் இருக்கும், தெளிவான உரைநடையாகவும் இருக்கும்.

அச்சுக்கு முன் எழுத்தாளரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். பாரிஸ் ரிவ்யூவும் எழுத்தாளர்களைத் திருத்தவிட்டுத்தான் வெளியிடுகிறது. எழுத்தாளரை மடக்குவதற்காக நாம் பேட்டி எடுப்பதில்லை என்பதால் இதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பார்வையாளர்கள் கேட்ட கேள்விகளை அவர் மாற்றக் கூடாது, நீக்கவும் கூடாது. இதையும் சம்மதக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். கேள்வி கேட்டவர்களிடம் பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். படுகு மொழியில் வந்த கேள்வியைத் தமிழ் எழுத்தில் அப்படியே அச்சிட்டு, கீழே தமிழில் பொருள் கொடுங்கள். நாவலிலிருந்து வாசித்த பகுதியைச் சேர்ப்பதென்றால் பதிப்பாளரின் அனுமதி தனியாக வேண்டும்.

வருத்தம் எழுந்த அத்தியாயம் எத்தனையாவது, எந்தப் பக்கங்கள் என்று எழுதுங்கள். நாவலை நான் படித்துவிட்டு, அந்தப் பகுதிக்கு மட்டும் என்ன வரிசையில் கேட்கலாம் என்று சொல்கிறேன்.